கட்டிக் கற்ற கணிப்பொறி



ஒரு கலையைக் கற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிறர் செய்து வைத்த பொருளைப் பயன்படுத்திப் பழகுவது ஒன்று. அப்பொருளை நாமே செய்து பார்ப்பது மற்றொன்று. நெசவாளர் வீட்டுப் பிள்ளை துணியை விரித்துப் பார்த்து நெசவைக் கற்பதில்லை. பாவு ஓட்டி, அச்சில் இழை கோத்து, அறுந்த இழையைத் தேடிப் பிணைத்துத்தான் கற்கிறான். வெள்ளாற்றங்கரையில் உள்ள எங்கள் புவனகிரியிலும், அடுத்துள்ள குறிஞ்சிப்பாடியிலும் தறியோசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் கணிப்பொறி என்றவுடன் நாம் இந்த உண்மையை மறந்துவிடுகிறோம். பொத்தானை அழுத்தினால் விடை வரும் என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நிகழ்கிறது என்று கேட்பவர் சிலரே. நம் நாட்டில் ஒரு சில இளைஞர்கள், கணிப்பொறியைக் கட்டிப் பழகியவர் எவரும் அருகில் இல்லாத காலத்தில், கட்டுவதன் மூலமே அதனைக் கற்ற வரலாறு ஒன்று உண்டு. அந்தக் குழுவை நடத்தியவர் சென்னையில் பிறந்த தமிழர். அவ்வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அக்கால உலகத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் எனியாக் என்னும் பெரும்பொறி 1946-இல் மக்கள் முன் காட்டப்பெற்றது. அதில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. 1948 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், தன் கட்டளைகளைத் தன் நினைவகத்திலேயே தாங்கிய சிறிய கணிப்பொறி ஒன்று முதன்முதலாக ஓடியது. அதன் நினைவகத்தில் இருந்தவை 32 சொற்களே. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற பொறி வேலை செய்யத் தொடங்கியது. இவை யாவும் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி நிகழ்ந்தவை.

நம் நாட்டில் 1953-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் சமரேந்திர குமார் மித்ரா என்பவர் ஒரு மின்னணுக் கணிப்பொறியைச் செய்தார். அது ஒப்புமை வகையைச் சேர்ந்தது. வெப்பமானியில் பாதரசம் ஏறும் உயரம் வெப்பத்தைக் குறிப்பது போல, ஒப்புமைப் பொறியில் மின்னழுத்தத்தின் அளவு எண்ணைக் குறிக்கும். இலக்கப் பொறி அத்தகையது அன்று. அது சோழிகளை ஒவ்வொன்றாக எண்ணுவது போல, ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டு நிலைகளைக் கொண்டே எல்லாவற்றையும் கணக்கிடும். இன்று உங்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசி வரைக்கும் இந்த இரண்டாம் வகையின் வழித்தோன்றல்களே.

இரண்டே நிலைகளைக் கொண்டு எண்ணற்றவற்றைக் குறிக்க முடியுமா என்று நீங்கள் ஐயுறலாம். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு அந்த ஐயம் வேண்டியதில்லை. நேர், நிரை என்று அசை இரண்டுதான். இரண்டு அசைகள் சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் எனச் சீர்கள் நான்கு. மூன்று அசைகள் சேர்ந்தால் காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்குமாக எட்டு. நான்கு அசைகள் சேர்ந்தால் பதினாறு. ஓர் அசை கூடும்போதெல்லாம் சீர்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. இதுவே இரும எண்முறையின் அடிப்படைக் கணக்கு. நேர் இருந்த இடத்தில் பூச்சியமும், நிரை இருந்த இடத்தில் ஒன்றும் எழுதிப் பாருங்கள். யாப்பிலக்கண வகுப்பு கணிதவகுப்பாகிவிடும். இவ்வாறு நாற்பது இடங்களை வரிசையாக வைத்தால் ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட எண்களை வேறுபடுத்திக் காட்டலாம்.

இனி, எண்ணைக் குறித்தால் மட்டும் போதாது, கூட்டவும் வேண்டும். 1854-இல் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், மெய், பொய் என்ற இரண்டைக் கொண்டு தருக்கத்தை இயற்கணிதமாக்கினார். எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1937-இல், கிளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர், அந்த இயற்கணிதம் மின்சுவிட்சுகளுக்கு அப்படியே பொருந்துமென்று காட்டினார். அவர் காட்டியதை நீங்கள் உங்கள் வீட்டிலேயே காணலாம்.

மாடிப்படி விளக்கை எண்ணிப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் விளக்கு அணைந்திருக்குமாறு இணைப்பதாகக் கொள்வோம். அப்போது எது ஒன்றை மாற்றினாலும் விளக்கு எரியும். மற்றதையும் மாற்றினால் அணைந்துவிடும். பூச்சியமும் பூச்சியமும் பூச்சியம். ஒன்றும் பூச்சியமும் ஒன்று. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் பூச்சியம். இது கூட்டலேயன்றி வேறென்ன? ஒன்றும் ஒன்றும் சேரும்போது அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லவேண்டிய ஒன்று எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு சுவிட்சுகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், இரண்டும் மூடியிருக்கும்போது மட்டுமே இரண்டாவது விளக்கு எரியும். அதுவே கொண்டுசெல்லும் ஒன்று. ஒரே பிடியில் இரண்டு தொடர்புகளை மாற்றும் சுவிட்சுகள் இரண்டு, டார்ச் விளக்குகள் இரண்டு, ஒரு பாட்டரி, சிறிது கம்பி ஆகியவை போதும். ஓர் இலக்கத்தைக் கூட்டும் பொறி உங்கள் மேசைமேல் அமைந்துவிடும்.

நினைவில் வைத்துக்கொள்ளும் சுற்றும் இவ்வளவு எளியதே. 1918-இல் எக்கிள்ஸ், ஜோர்டன் என்னும் ஆங்கிலேயர் இருவர் இரண்டு வால்வுகளை ஒன்றுக்கொன்று எதிராகப் பிணைத்தனர். ஒன்று மின்னோட்டத்தைச் செலுத்தினால் மற்றதை அடைத்துவிடும். வெளியிலிருந்து தட்டினாலொழிய நிலை மாறாது. தட்டியது எந்தப் பக்கம் என்பதை அச்சுற்று மறவாமல் வைத்திருக்கும். கூட்டும் சுற்று, நினைக்கும் சுற்று, இவ்விரண்டையும் முறைப்படி இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று என மூன்றையும் ஆயிரக்கணக்கில் அடுக்கியதே கணிப்பொறி.

இத்தனையும் நூல்களில் அச்சாகியிருந்தன. ஆனால் நூலில் உள்ள சுற்றுக்கும் வேலை செய்கின்ற சுற்றுக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தைக் கடக்க முற்பட்டவர்கள் பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர். டாக்டர் ஹோமி பாபா 1945-இல் நிறுவிய நிலையம் அது. அணு ஆராய்ச்சிக்குப் பெருங்கணக்குகள் வேண்டியிருந்தன. வெளிநாட்டிலிருந்து ஒரு பொறியை வாங்கலாம். கல்கத்தா நிலையத்தார் இங்கிலாந்திலிருந்து அவ்வாறே 1955-56 அளவில் ஒன்றைத் தருவித்தனர். பம்பாயிலோ கட்டுவதென்று முடிவு செய்தனர்.

1954-இல் ஆர். நரசிம்மன் அந்நிலையத்தில் சேர்ந்தார். 1926-இல் சென்னையில் பிறந்தவர். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் கற்றவர். அமெரிக்காவின் கால்டெக்கில் மின்பொறியியலும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதமும் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். அவரைச் சூழ்ந்து சிறு குழு ஒன்று அமைந்தது. அக்குழுவினர் பெரும்பாலும் இயற்பியல் படித்த இளைஞர்கள். கணிப்பொறியை வடிவமைத்துப் பழகியவர் அவர்களுள் எவரும் இல்லர்.

அவர்கள் மேற்கொண்ட முறையைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும். எடுத்த எடுப்பிலேயே பெரிய பொறியைத் தொடங்கவில்லை. முதலில் ஒரு சிறிய முன்னோடிப் பொறியைச் செய்தனர். அது நாட்டின் கணக்குகளைப் போடுவதற்காகச் செய்தது அன்று. செய்பவர்கள் கற்றுக்கொள்வதற்காகச் செய்தது. சுற்றுகள் ஏட்டில் உள்ளபடி இயங்குகின்றனவா, நினைவகம் நம்பத்தக்கதா, பழுது வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றை அதன்மேல் சோதித்து அறிந்தனர். 1956-இல் அது இயங்கியது. பிறகே பெரிய பொறியின் வேலை தொடங்கியது. மண்ணில் எழுதிப் பழகிய பிறகு ஏட்டைத் தொட்ட நம் திண்ணைப் பள்ளி மாணாக்கரை இது எனக்கு நினைவூட்டுகிறது.

பெரிய பொறி 1960 பிப்ரவரியில் முறைப்படி இயங்கத் தொடங்கியது. 18 அடி நீளமும் 8 அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உள்ள எஃகுச் சட்டத்தில் அது அமைந்தது. சுற்றுகளை எளிதில் அணுகும் பொருட்டு இரு பக்கங்களிலும் கதவுகள் வைத்திருந்தனர். 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் அதனுள் இருந்தன. வால்வு என்பது விளக்கைப் போல் சூடேறி ஒளிரும் பொருள். ஒரு நாள் அணைந்தே தீரும். 2,700-இல் ஒன்று பழுதானாலும் விடை பிழைபடக்கூடும். எனவே பழுது பார்ப்பதும் பொறியைக் கட்டும் கலையின் ஒரு பகுதியாயிற்று. 1962-இல் பிரதமர் நேரு அப்பொறிக்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தோடு, தானியங்கிக் கணிப்பான் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது.

அதன் நினைவகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். ஏனெனில் அது நெசவைத் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான மிகச் சிறிய வளையங்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். நெடுக்கே பாவு போலச் சில கம்பிகள். குறுக்கே ஊடை போலச் சில கம்பிகள். அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு வளையம். வளையம் இடமாகவோ வலமாகவோ காந்தமேறி நிற்கும். ஒரு திசை பூச்சியம், மறு திசை ஒன்று. ஒரு கம்பியில் மட்டும் செல்லும் மின்னோட்டம் வளையத்தைப் புரட்டப் போதாது. நெடுக்குக் கம்பி ஒன்றிலும் குறுக்குக் கம்பி ஒன்றிலும் பாதிப் பாதியாக அனுப்பினால், இரண்டும் கூடும் வளையம் ஒன்றே புரளும். ஆயிரம் வளையங்களுக்கிடையே வேண்டியதை மட்டும் தொடும் உபாயம் இது. எழுதியதைப் படிக்கும்போது அது அழிந்துபோகும். எனவே படித்தவுடன் திரும்ப எழுதவேண்டும். டிஃப்ராக்கில் நாற்பது இடமுள்ள சொற்கள் 2,048 இருந்தன. பெருக்கிப் பார்த்தால் 81,920 பிட்டுகள். இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. அமெரிக்காவிலேயே 1953 அளவில்தான் இவ்வகை நினைவகம் கணிப்பொறிக்குள் புகுந்தது. அத்தகைய புதுமையைச் சில ஆண்டுகளுக்குள் பம்பாயில் ஓர் இளங்குழு கைக்கொண்டது சிறிய செயலன்று.

அப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர் தொடக்கத்தில் பூச்சியங்களையும் ஒன்றுகளையுமே கொண்டு எழுதவேண்டியிருந்தது. விடைகளை வரைபடமாகவும் எழுத்தாகவும் காட்ட, தொலைக்காட்சித் திரை போன்ற எதிர்மின்கதிர்க் குழாய் ஒன்றையும் அவர்கள் தாமே அமைத்து இணைத்தனர்.

இனி, வரலாறு எழுதுபவர் மறைக்கக்கூடாத ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். டிஃப்ராக் முடிந்தபோது அது பழைய வகைப் பொறியாகிவிட்டது. 1959-லேயே டிரான்சிஸ்டர்களாலான கணிப்பொறிகள் அமெரிக்காவில் சந்தைக்கு வந்துவிட்டன. 1964-இல் அதே நிலையத்தில் சி.டி.சி. 3600 என்னும் அமெரிக்கப் பொறி வாங்கி நிறுவப்பட்டது. டிஃப்ராக்கின் காலம் அத்தோடு முடிவுக்கு வந்தது. அப்படியானால் அத்தனை ஆண்டு உழைப்பும் பணமும் வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தக்க கேள்வியே அது. ஏழை நாடு ஒன்று தன் பணத்தை எங்கே செலவிடுகிறது என்று வினவுவது குடிமக்களின் கடமை.

பொறியை மட்டும் கணக்கில் வைத்தால் கேள்வி கேட்டவர் பக்கமே நியாயம் சாயும். நான்காண்டு உழைத்த கருவிக்கு அத்தனை செலவு மிகுதிதான். ஆனால் கணக்கின் மற்றொரு பத்தியை நிரப்பிப் பாருங்கள். கட்டியவர்கள் அழிந்துபோகவில்லை. அந்நிலையத்தில் வளர்ந்த திறமை, பின்னர் 1960-களில் வான்காப்பு அமைப்புக்குரிய கணிப்பொறியை வடிவமைக்கப் பயன்பட்டது. 1967-இல் ஹைதராபாதில் இந்திய மின்னணுக் கழகம் நிறுவப்பட்டது. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தார் வடிவமைத்த டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறியை 1969 முதல் அது செய்து அளித்தது. கல்கத்தாவில் புள்ளியியல் நிலையமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி டிரான்சிஸ்டர்களால் ஒரு பொறியைக் கட்டி 1966-இல் முடித்தன. நரசிம்மன் இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2007-இல் மறையும்வரை, மனிதன் மொழியைக் கற்பது எப்படி, பொறி உருவங்களை அறிவது எப்படி என்று ஆராய்ந்தார். வால்வுகள் பழசாகலாம், வால்வுகளை வைத்து எண்ணக் கற்ற மனம் பழசாவதில்லை.

வாங்கிக் கற்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற பொறி வெளிநாட்டிலிருந்து வந்தது. ஈரோட்டில் 1933-இல் பிறந்த வி. ராஜாராமன் அதனைச் சுற்றிக் கணிப்பொறிக் கல்வியை வளர்த்தார். எளிய விலையில் பாடநூல்கள் எழுதி நாடெங்கும் உள்ள மாணவர்க்கு வழிகாட்டினார். பயன்படுத்தக் கற்றவர் ஆயிரக்கணக்கில் பெருகினாலன்றி நாடு முன்னேறாது. ஆயினும் அந்த ஆயிரம் பேரில் பத்துப் பேராவது உள்ளே திறந்து பார்த்தவராக இருக்கவேண்டும்.

திறந்து பார்ப்பதன் பயனை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். இயற்பியல் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில், மேல்வகுப்பு மாணவர் சிலர் சுவிட்சுகளையும் ரிலேக்களையும் கொண்டு மூன்று இலக்க இரும எண்களைக் கூட்டும் பொறி ஒன்றைச் செய்தனர். ஒன்றும் இரண்டும் மூன்று என்று விளக்குகள் சரியாகக் காட்டின. இரண்டும் இரண்டும் நான்கு என்றும் காட்டின. ஆனால் மூன்றையும் ஒன்றையும் கூட்டினால் இரண்டு என்றன. ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் பூச்சியம் என்றன. மற்ற மாணவர்கள் எல்லாக் கம்பிகளையும் பிரித்துவிடலாம் என்றனர். நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் தடுத்தான். “ஐயா, இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஒன்று போகிறது, இல்லாவிட்டால் இரண்டும் இரண்டும் நான்கு வராது. முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத்தான் போகவில்லை. அறுந்த இழை அங்கேதான் இருக்கவேண்டும்” என்றான். பார்த்தோம். அந்த ரிலேயின் சுருளில் ஈயப்பற்று ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. அவன் கம்பியைத் தொடவில்லை. விடைகளை வைத்தே பழுதின் இடத்தைச் சொல்லிவிட்டான். பிழையான விடையும் ஒரு செய்தியே என்பதை எந்தப் பாடநூலைக் கொண்டும் நான் அவ்வளவு தெளிவாகக் கற்பித்திருக்க முடியாது.

இந்த வழி இன்றும் அடைபடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் ‘சக்தி’ என்னும் நுண்செயலிகளை வடிவமைத்தனர். அவற்றுள் ஒன்று 2018-இல் சண்டிகரை அடுத்துள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் சில்லாக வார்க்கப்பெற்றது. அதன் அடிப்படைக் கட்டளைத் தொகுதி, 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கி எவரும் எடுத்தாளுமாறு விடப்பட்ட ஒன்று. உலகப் பொதுவான அறிவை எடுத்துக்கொண்டு, கைவேலையைத் தாமே செய்தனர். 1954-இல் பம்பாயில் நிகழ்ந்ததும் இதுவே. நம் மின்நிலையங்களையும் வங்கிகளையும் மருத்துவமனைகளையும் இன்று இயக்குபவை இத்தகைய சில்லுகள். அவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று நம்முள் ஒருவருக்கும் தெரியாவிட்டால், வீட்டின் சாவியைப் பிறரிடம் கொடுத்துவிட்டு உள்ளே குடியிருப்பவர் போல் ஆவோம்.

மாணவர்களே, சில நூறு ரூபாய்க்குள் வாங்கக்கூடிய தருக்கச் சில்லுகள் இன்று சிதம்பரம், கடலூர் போன்ற நகரங்களின் மின்னணுக் கடைகளிலோ அஞ்சல் வழியாகவோ கிடைக்கும். முதலில் மாடிப்படி விளக்கின் சுற்றை வரையுங்கள். பிறகு ஓர் இலக்கத்தைக் கூட்டுங்கள். பிறகு மூன்று இலக்கம். பிறகு நினைவில் வைக்கும் சுற்று. ஒவ்வொரு படியிலும், ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஏன் ஓடுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நான்கு மாணவர் கூடி ஓராண்டு இவ்வாறு உழைத்தால், கட்டளையைப் படித்து நடத்தும் ஒரு சிறு கணிப்பொறியை உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே நிறுத்திவிடலாம். அது கடையில் விற்கும் மிக மலிவான கணக்கிடும் கருவியைவிட மெதுவாகத்தான் ஓடும். அதனால் என்ன? அதற்குள் உங்களுக்குத் தெரியாத கம்பி ஒன்றுகூட இராது.